ஐரோப்பா சின்ன மாப்பிள்ளைக்கு

சுரேந்தரின் கல்யாணச் சீர்வரிசையில் கடைசித் தாம்பாளத்தில் இருந்தது ஒரு கால்பந்து கிளப்.

முன்னால் போன தாம்பாளங்களில் வழக்கம்போலப் பழம், பட்டு, வெள்ளிச் சாமான். மண்டபத்து வாசலில் வழக்கம்போல ரிப்பன் கட்டிய கார். கடைசித் தாம்பாளத்தில் மட்டும் வெற்றிலை பாக்கின் மேல் மடித்து வைத்த பச்சைப் பனியனும், சட்டம் போட்ட ஒரு மைதானத்தின் புகைப்படமும். பெண்ணின் அப்பா சென்னியப்பன் அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்து வந்தார். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவர்; கனமான சாமான்களைச் சுமக்க அவருக்கு ஆட்கள் உண்டு. இது கௌரவம், கனமில்லை.

ஒறம்பரைகள், சொந்தபந்தம் அத்தனையும், எட்டிப் பார்த்தார்கள்.

"இதென்னங்க, பனியன் கம்பெனியா?"

"பனியன் கம்பெனி திருப்பூர்ல யாரு வேண்ணாலும் குடுப்பாங்க. இது ஃபுட்பால் கிளப்புங்க. ஐரோப்பால இருக்குது" என்றார் சென்னியப்பன்.

எல்லாம் மரியாதையால் வந்த வினை. பெண் பார்க்க வந்த அன்று, "மாப்பிள்ளைக்கு என்னங்க புடிக்கும்?" என்று சென்னியப்பன் மரியாதைக்குக் கேட்டார். "ஃபுட்பால் பாப்பனுங்க மாமா" என்று சுரேந்தரும் மரியாதைக்குச் சொன்னான். தென்னை நார்த் துகள் வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒருவர், தன் ஊர் கிளப்புக்கு ஒரு முதலாளி தேவைப்படுகிறது என்று அதே வாரம் சென்னியப்பனிடம் சொல்லித் தொலைத்தார். ஊரின் பெயர் ஸ்கார்விக். நாட்டின் பெயர் வேண்டாம். இந்தக் குடும்பத்துக்கு அடுத்த வருஷமும் விசா வேண்டும். மொத்த ஊரையும் வெள்ளகோவில் வாரச்சந்தையில் நிறுத்தினால் கத்திரிக்காய் வாங்க இடம் மிச்சமிருக்கும். ஆனாலும் சம்பளத்துக்கு ஆடுகிற நிஜமான கிளப், நாட்டின் முதல் டிவிஷனில் ஆடுகிற கிளப்.

சுரேந்தர் சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடராக இருந்தான். வேலையை விட்டான். விசிட்டிங் கார்டில் 'சேர்மன்' என்று போட்டுக்கொண்டான். கிளப்பை நடத்த ஒருவர் அங்கேயே இருந்தாக வேண்டுமென்று, விளையாட்டு மேலாண்மை படித்த கோட்டைமேட்டு ஜாவித்தை ஸ்கார்விக்குக்கு அனுப்பி வைத்தான். அனுப்பிவிட்டு, அவன் சொல்வது எதையும் கேட்காமல் இருந்தான்.

முதல் வருஷமே அதிர்ஷ்டம் அடித்தது. ஸ்கார்விக் லீக்கில் இரண்டாம் இடம் வந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த ஜூலையில் ஐரோப்பியப் போட்டியின் தகுதிச் சுற்று. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃப்ளெக்ஸ் எழுந்தது: 'ஐரோப்பாவே, எழுந்து வழிவிடு! எங்கள் சின்ன மாப்பிள்ளை வருகிறார்!' கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக சுரேந்தரின் முகம் இரண்டு மாடி உயரத்துக்கு இருந்தது. அணி, அவன் காலருக்குக் கீழே, சிறியதாக இருந்தது. வெள்ளைக்காரக் கோல்கீப்பருக்கு யாரோ கம்ப்யூட்டரில் கை கூப்பி விட்டிருந்தார்கள்.

அந்த ஃப்ளெக்ஸை கார் ஜன்னல் வழியாகப் பார்த்தாள் மோகனப்பிரியா. சென்னியப்பனின் மூத்த பெண். அவளுக்குச் சீராகப் போனது வெள்ளகோவிலில் ஒரு நூல் மில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் வீட்டில் குடும்பம் கூடியது. யாரும் சத்தம் போடவில்லை. இந்தப் பக்கத்தில் சண்டை முற்ற முற்றச் சத்தம் குறையும், 'ங்க' கூடும்.

"நான் ஒண்ணும் கேக்க வரலீங்கப்பா" என்றாள் மோகனப்பிரியா. "எனக்கு மில்லு குடுத்தீங்க. சந்தோசமுங்க. பஞ்சு பறக்குது, மூக்கு அடைக்குது, அதுவும் சந்தோசமுங்க. தங்கச்சிக்கு ஐரோப்பா குடுத்தீங்க. ரொம்பச் சந்தோசமுங்க."

"அக்கா, உங்களுக்குக் குடுக்கறப்ப ஐரோப்பா வெலைக்கு வரலீங்கக்கா" என்றாள் சுரேந்தரின் மனைவி பிரவீனா.

பெரிய மாப்பிள்ளை சரவணன் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கெதுக்குங்க மாமா ஐரோப்பா? நான் பாட்டுக்கு நூலு ஓட்டிட்டு இருக்கறனுங்க."

இத்தனை பணிவாகப் பேசுகிற மாப்பிள்ளை பாதிக்குக் குறைந்து எதையும் கேட்க மாட்டார் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காங்கேயம் வட்டாரத்தில் அண்ணன் தம்பிகளுக்குப் பொதுக்கிணறு பிரித்துக் கொடுப்பதில் அவர் பேர் போனவர். அவர் பிரித்த கிணறு எதுவும் கோர்ட்டுக்குப் போனதில்லை. உலகத்தில் எதையும் அந்த முறையில் பிரிக்கலாம் என்பது அவர் நம்பிக்கை.

"கேட்டுக்குங்க. கிளப்புங்கறது ஒரு கெணறு. கெணத்தை அறுத்துப் பங்கு வெக்க முடியாது. ஆட்டக்காரனுங்க, கோச்சு, மைதானம் எல்லாம் பொது. தண்ணி மட்டும் மொறை. உள்ளூர் லீக்கு பெரிய மாப்பிள்ளை மொறை. ஐரோப்பா சின்ன மாப்பிள்ளை மொறை. அவிய அவிய மொறைக்கு அவிய அவிய சொல்றவன் எறங்கி ஆடோணும். நடுவுல யாரும் வாய்க்கால்ல கால் வெக்கக் கூடாது."

"லீக்கு எத்தனை ஆட்டம் வருமுங்க தம்பி?" என்று சரவணன் கேட்டார்.

"வருசம் பூரா வருமுங்கண்ணா. சனிக்கிழமை சனிக்கிழமை."

"ஐரோப்பா?"

"அது எண்ணிக்கைல இல்லீங்கண்ணா" என்று சுரேந்தர் கழுத்தை நிமிர்த்தினான். "குவாலிட்டிங்க."

சரவணன் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது பிரவீனா, "அப்பா, உள்ளூர்க் கப்புன்னு இன்னொரு போட்டி இருக்குதுங்களே, அது யாருக்குங்க?" என்றாள்.

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். மனைவி சாமியாத்தாள் டி.வி. முன்னால் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"அது சாமியாத்தாளுக்கு. அவளுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

"எனக்கெதுக்குங்க அந்தக் கெரகம்?" என்றார் சாமியாத்தாள், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்கார்விக்கிலிருந்து ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த ஜாவித், "சுரேந்தரண்ணா, ஒரு நிமிசமுங்ணா, அந்தக் கப்புல ஜெயிச்சா..." என்று ஆரம்பித்தான்.

"ஜாவித், பெரியவங்க பேசிட்டிருக்கறாங்க" என்று சுரேந்தர் ஃபோனை அணைத்தான்.

இந்த ஏற்பாட்டைப் பயிற்சியாளர் ஹென்ரிக்குக்குப் புரியவைக்கும் பொறுப்பு ஜாவித்தின் தலையில் விழுந்தது. சாயங்காலம் சுரேந்தரைக் கூப்பிட்டான்.

"சொல்லிட்டனுங்ணா. ஒரு டீமுக்கு ரெண்டு மொதலாளியான்னு கேக்கறாருங்ணா."

"ரெண்டில்ல, மூணு. கப்புக்கு எங்க அத்தை."

"அதை நாளைக்குச் சொல்லிக்கறனுங்ணா. இன்னிக்கு அவருக்கு இது போதும்."

மார்ச்சில் சீசன் தொடங்கியது. சரவணன் லீக்கை மில் நடத்துகிற மாதிரி நடத்தினார். ஓடுகிற மெஷினை நிறுத்துவது அவர் அகராதியில் பாவம். நல்ல ஆட்டக்காரன் ஒருவனை நடுவில் வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தால், "அவனுக்கு என்னங்க, சம்பளம் நின்னுபோச்சா?" என்று ஜாவித்துக்கு ஃபோன் வந்துவிடும். சுரேந்தருடைய வழி வேறு. அவன் 'விஷன் ஐரோப்பா' என்று ஸ்லைடுகள் தயாரித்து அனுப்பினான். எல்லா ஸ்லைடிலும் ஒரு அம்புக்குறி மேலே போனது. ஜூலைக்காக ஆட்டக்காரர்களின் உடம்பைச் சேமித்து வைக்க வேண்டும், வார நாட்களில் யாரும் ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டான். ஆக, ஸ்கார்விக் ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை நாக்குத் தள்ள ஓடினார்கள், மற்ற நாளெல்லாம் கட்டாயமாகத் தூங்கினார்கள். இதற்கு நவீன விளையாட்டு அறிவியலில் பெயர் உண்டா என்று ஹென்ரிக் கேட்டார். முறைத் தண்ணி என்று ஜாவித் சொன்னான்.

ஜூலையில் ஐரோப்பா வந்தது. எதிரணி வால்ட்ஸ்டாட் என்ற பெரிய ஊரின் கிளப். அவர்களுடைய பஸ்ஸே ஸ்கார்விக்கின் டிரெஸ்ஸிங் ரூமை விடப் பெரியது. முதல் ஆட்டம் அவர்கள் ஊரில், வியாழக்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை லீக் ஆட்டத்தில் ஸ்கார்விக் நாலு கோல் முன்னணியில் இருந்தது. சரவணன் ஒருவரையும் வெளியே எடுக்க விடவில்லை. கடைசி நேரத்தில் சென்டர் ஃபார்வர்டுக்குத் தொடை பிடித்துக்கொண்டது.

சுரேந்தர் ஃபோன் போட்டான். "அண்ணா, நாலு கோல் அடிச்சாச்சல்லங்க? வியாழக்கிழமைக்கு ஆளைக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கலாமல்லங்க?"

"தம்பி, ஆறு மணி வரைக்கும் என்ற மொறை. அஞ்சே முக்காலுக்கு மோட்டாரை நிறுத்துன்னா என்னங்க ஞாயம்?"

சுரேந்தர் ஃபோனை வைத்தான். ஒரு பஸ் நிறைய ஒறம்பரைகளைக் கூட்டிக்கொண்டு வால்ட்ஸ்டாட் போனான். புளிச்சோறு போனது, பருப்புப் பொடி போனது, நெய் போனது. ஏரிக்கு முன்னால், மலைக்கு முன்னால், மாட்டுக்கு முன்னால் என்று பிரவீனா போட்ட புகைப்படங்களை மோகனப்பிரியா பஞ்சு பறக்கிற மில் ஆபீசில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டாள். ஆட்டத்தில் ஸ்கார்விக் ஐந்து கோல் வாங்கியது. ஒன்றும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஸ்கார்விக்கில் பதில் ஆட்டம். வால்ட்ஸ்டாட் தன் பெரிய ஆட்டக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி சிலரை அனுப்பியது. கோலே விழவில்லை. சுரேந்தர் ஊர் திரும்பியதும் அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் நிருபர்களைக் கூப்பிட்டு, "சொந்த மண்ணில் ஐரோப்பாவால் நம்மை வெல்ல முடியவில்லை" என்று அறிவித்தான்.

"அப்ப மொத ஆட்டமுங்க?" என்று மாலைப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார்.

"போண்டா சூடா இருக்குது, சாப்பிடுங்க" என்றான் சுரேந்தர்.

இரண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்டித்தான் வெற்றி என்பதால் அதோடு அவன் முறை முடிந்தது. ஒரு வருஷத்துக்கான ஐரோப்பா இரண்டு வியாழக்கிழமையில் தீர்ந்துபோயிற்று.

ஆவணி முகூர்த்தங்களில் அவனை முதல் வரிசை சோபாவில் உட்காரவைத்தார்கள். "ஐரோப்பா மாப்பிள்ளை வந்திருக்கறாருங்க" என்று மணமேடையில் மைக்கில் சொன்னார்கள்.

"அடுத்த ஆட்டம் எப்பங்க?" என்று பக்கத்துச் சோபாக்காரர் கேட்டார்.

"அடுத்த ஜூலைங்க."

"அதுவரைக்கும்?"

சுரேந்தர் பன்னீரைத் துடைத்துக்கொண்டான். அடுத்த ஜூலையும் நிச்சயமில்லை என்பதை அவன் சொல்லவில்லை. லீக்கில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த ஐரோப்பா. அதாவது மேல்காட்டுக்காரர் மடையைத் திறந்தால்தான் கீழ்க்காட்டுக்குத் தண்ணீர். சரவணம்பட்டியில் அவன் நாற்காலியில் அவனுக்குக் கீழே வேலை பார்த்த ரைஹான் உட்கார்ந்திருந்தான். ஐரோப்பாவும் இல்லையென்றால் அவன் யார்? காங்கேயத்தில் மாமனார் வீட்டுச் செலவில் டீ குடிக்கிற ஒரு மாப்பிள்ளை. புரட்டாசி முடிந்து ஐப்பசியில் வந்த முதல் கல்யாணத்தில், "தம்பி, வெள்ளகோயில்க்காரங்க வந்திருக்காங்க, கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க" என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளகோவில்காரர் என்றால் சரவணன்தான். சனிக்கிழமை சனிக்கிழமை ஆட்டம் வைத்திருப்பவர்.

லீக்கில் ஒரே ஆட்டம் பாக்கி. ஸ்கார்விக் மூன்றாம் இடத்தில் நின்றது, தோற்றால் நான்கு. பலகாரக் கூடையோடு சுரேந்தர் வெள்ளகோவில் போனான்.

சரவணன் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க தம்பி, வாங்க, மொதல்ல சாப்பிடுங்க." பேச விடாமல் இலை போட்டார்கள். பருப்புக்கு வாயைத் திறந்தால் ரசம் வந்தது, ரசத்துக்கு வாயைத் திறந்தால் தயிர் வந்தது. கை கழுவித் துடைத்து, டம்ளரில் பாயசம் வந்த பிறகுதான் சுரேந்தரால் விஷயத்தை எடுக்க முடிந்தது.

"அண்ணா, சனிக்கிழமை நாம ஜெயிச்சுப்போடோணுமுங்க."

"நாமளா?" என்று சரவணன் பல் குத்தினார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. நான் மூணாவது வந்தா எனக்கு என்னங்க? கைதட்டு. நாலாவது வந்தாலும் அதே கைதட்டுத்தான். உங்களுக்கோசரம் நான் எதுக்குங்க ஒருத்தன் தொடையை ஒடைக்கோணும்?"

"நீங்களே தொடையைப் பத்திப் பேசறீங்களாங்கண்ணா?"

"பழசு எதுக்குங்க. பாயசம் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

சுரேந்தருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாயசம் சூடு என்று நினைத்துக்கொண்டார்கள். அப்போது மோகனப்பிரியா சமையலறையிலிருந்து, "தம்பி, அந்த ஏரிக்கு முன்னால பிரவீனா நின்னாளே, அது எந்த ஊருங்க?" என்றாள். அத்தனை பேச்சும் எதற்கு என்று சுரேந்தருக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. ஐரோப்பாவில் இரண்டு ஆட்டம். வெளியூர் ஆட்டம் இனி அக்காவுடையது, ஒறம்பரை பஸ் உட்பட. உள்ளூர் ஆட்டம் மட்டும் தன்னுடையது. ஒப்புக்கொண்டான். சரவணன் எழுந்து ஜாவித்துக்கு ஃபோன் போட்டு, "சனிக்கிழமை ஒருத்தன் காலும் நிக்கக் கூடாது" என்றார்.

நிஜமாகவே ஜெயிக்கத்தான் சொன்னார். ஆனால் மார்ச்சிலிருந்து நிற்காமல் ஓடிய கால்கள் அக்டோபர் கடைசியில் யார் சொல்லியும் ஓடுவதாக இல்லை. ஸ்கார்விக் மூன்று கோல் வாங்கித் தோற்று, நான்காவது வந்தது.

அடுத்த வாரம் காங்கேயம் வீட்டில் மறுபடி கூட்டம். 'ங்க' உச்சத்தில் இருந்தது.

"வேணும்னே தோத்தீங்கன்னு நான் சொல்லலீங்கண்ணா."

"சொன்னாலும் தப்பில்லீங்க தம்பி. படிச்சவங்க நீங்க, ஸ்லைடு போட்டே சொல்லலாமுங்க."

"எம்பட ஏரி போச்சுங்கப்பா" என்றாள் மோகனப்பிரியா.

"எங்க ஊட்டுக்காரரு வேலையே போச்சுங்க" என்றாள் பிரவீனா.

சுரேந்தரின் ஃபோன் அடித்தது. ஜாவித். பின்னால் ஒரே ஆரவாரமும் பாட்டும்.

"அண்ணா, கப்பு ஜெயிச்சுட்டமுங்ணா! ஃபைனலு! ரெண்டுக்கு ஒண்ணு!"

"எந்தக் கப்பு?"

"உள்ளூர்க் கப்புங்ணா. கப்பு ஜெயிச்ச டீமுக்கும் ஐரோப்பா உண்டுங்ணா. அன்னிக்கே சொல்ல வந்தேன். பெரியவங்க பேசிட்டிருந்தீங்க."

வீட்டில் ஒருவருக்கும் கப்புப் போட்டி நடப்பதே நினைவில் இல்லை. எப்படி ஜெயித்தார்கள் என்று சுரேந்தர் கேட்டான். ஜாவித் சொன்னதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கப்பு ஆட்டத்துக்கும் முன்னால் முறைப்படி முதலாளியம்மாவைக் கேட்க வேண்டுமென்று ஹென்ரிக் ஃபோன் போடச் சொல்வார். சாமியாத்தாள் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொன்னார்: "ஏனுங்க தம்பி, சீரியல் ஓடுது, அவரையே பாத்துக்கச் சொல்லுங்க, வெச்சிருங்க." ஹென்ரிக் தன் இஷ்டப்படி சிலரை ஓய்வில் வைத்தார், சிலரை இறக்கினார். ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் செய்கிற வேலையை அவர் அந்த வருஷம் செய்தது கப்பில் மட்டும்தான்.

சுரேந்தர் துள்ளி எழுந்தான். "மாமா! ஐரோப்பா என்ற மொறையல்லங்க! எனக்குத்தானுங்க!"

சென்னியப்பன் யோசித்தார். கிணறு பிரிக்கிறவரின் முகம் வந்தது.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் குடுத்தது லீக்கு வாய்க்கால்ல வர்ற ஐரோப்பாங்க. இது கப்பு வாய்க்கால்ல வருது. ஊத்து அவ காட்டுல இருக்குது. தண்ணி அவளுது."

எல்லாரும் சாமியாத்தாளைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து யாரும் அவரை இப்படி ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஐரோப்பான்னா, பிரவீனா போட்டோ போட்டாளே, அந்த மலை மாடு எல்லாமா?"

"ஆமாங்கத்தை" என்றான் சுரேந்தர். குரல் தானாகவே குழைந்தது. "உங்களுக்கெதுக்குங்க அந்த அலைச்சல்? நீங்க பேசாம என்கிட்ட உட்டுப்போடுங்க, நான் பாத்துக்கறனுங்க."

"எந்த மாசமுங்க?"

"ஜூலைங்கத்தை. ஆனி கடைசி."

"ஆடி பொறக்கறதுக்குள்ள வந்தர்லாம். எங்க கோயில் குழுப் பொம்பளைங்க பாவம், பழனியைத் தாண்டிப் போனதில்ல." அவரைக்காய் முறத்தைத் தள்ளி வைத்தார். "நீங்க ஏனுங்க மாப்பிள்ளை மொகத்தைத் தொங்கப் போடறீங்க? நீங்களும் வாங்க. அத்தனை பேரு பாஸ்போர்ட்டையும் பத்திரமா வெச்சுக்க ஒரு ஆம்பளை வேணுமல்லங்க?"

பிறகு சுரேந்தரின் கையிலிருந்த ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார்.

"ஏனுங்க தம்பி, அந்த கோச்சுக்காரரைக் கூப்பிடுங்க. நியூஸ்ல காட்டறப்ப ஒசரமா ஒரு பையன் நிப்பானல்ல, ஆமா, செவத்த முடிக்காரன். மெலிஞ்சுபோயிட்டான். காத்தால என்ன சாப்பிடப் போடறாருன்னு கேளுங்க. ஆங்? ரொட்டியா? சரி, இனிமேலு ஆட்டத்துக்கு ஆட்டம் நான் சொல்றனுங்க."

அந்தப் பக்கம் ஜாவித் மொழிபெயர்ப்பது கேட்டது. அதோடு பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

கார்த்திகையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புது ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'ஐரோப்பா புறப்படும் அன்னையே!' என்று எழுதி, பட்டுப்புடவையில் சாமியாத்தாள் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றார். அவர் கையில் கப்பு. காலடியில் மொத்த அணியும், ஹென்ரிக் உட்பட, கை கூப்பி. அடியில் 'இவண்' என்று போட்டு ஸ்டாம்ப் அளவில் வரிசையாக முகங்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற சுரேந்தரிடமே கேட்டார்:

"கடைசில கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கறாரே, இவருதான் டிராவல்ஸ்காரருங்களா?"

"ஆமாங்க" என்றான் சுரேந்தர், மரியாதைக்கு.